நிழலுக்கும் வாஸ்து பார்த்தவர்கள்

நிழலைக் காணோம் என்று திட்டு வாங்கியவள் நான். மாட்டைக் காணோம், நகையைக் காணோம், சாவியைக் காணோம் என்று திட்டு வாங்கியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிழலைக் காணோம் என்று திட்டு வாங்கியவள் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இத்தனை வருசம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். கேட்டுவிட்டு யார் மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர் படித்தால் போதும், வேலை வீடு தேடி வரும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. நானும் சோமனூரிலிருந்து காந்திபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் படித்தேன். வேலை என்னைத் தேடி வரவில்லை, நான்தான் தேடிப் போனேன். கிராஸ்கட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு மோட்டார் பம்ப் கடை, அதற்கு மேல் மாடி. கீழே கடைக்காரர் யாருக்காவது மோட்டாரை ஓட விட்டுக் காட்டினால் மேலே எங்கள் மானிட்டரில் கோடு கோடாக ஓடும். அந்த மாடியில் உட்கார்ந்து நாங்கள் செய்தது, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று தயாரித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு மேப் போடுகிற வேலை.

மேப் என்றதும் பள்ளிக்கூடச் சுவரில் தொங்குமே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். விளையாட்டு நடக்கிற இடத்துக்குத்தான் மேப் என்று பெயர். எனக்குக் கொடுத்தது ஒரு பழைய காலத்துக் கோட்டை ஊர். அதில் சண்டை நடக்கும், படை வரும், வீடு எரியும். கோட்டை, கடைவீதி, கிணறு, கொல்லன் பட்டறை, மரம் மட்டை எல்லாவற்றையும் எடிட்டர் என்கிற சாப்ட்வேரில் மவுசால் இழுத்து இழுத்து வைக்க வேண்டும். விளையாடுகிறவன் கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோனால் கிணற்று மேட்டில் இருக்கிற குடம் தெரியும். அதையே பின்னால் இழுத்துக்கொண்டு மேலே போனால் கோபுரத்தில் ஏறி நின்று பார்ப்பது போல ஊர் முழுக்கத் தெரியும். அந்த ஊரில் ஒரு மரத்தைக்கூட நான் அவசரத்துக்கு வைத்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து ஒன்று சொன்னார். "ஏனுங்க, எல்லாரும் கேட்டுக்குங்க. வெளையாட்டு முடியறப்ப சினிமாவுல வர்ற மாதிரி பேரு ஓடுமாம். எந்த மேப்ப யாரு போட்டாங்களோ அவுங்க பேரு அதுல வரும். சீமையில இருக்கறவன் உங்க பேரைப் படிப்பான்!"

அந்தப் பேச்சை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால், எங்கள் வீட்டு நிலைமை அப்படி. அப்பா சோமனூரில் விசைத்தறி ஓடுகிற ஒரு தறிக்குடோனில் மேஸ்திரி. சத்தத்துக்கு நடுவிலேயே வாழ்ந்ததாலோ என்னவோ, அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நான் வேலைக்குப் போவதைச் சொந்தக்காரர்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. பல்லடத்துப் பெரியப்பா வீட்டுக்கே வந்து, காபியைக் குடித்துக்கொண்டே, "பொட்டப்புள்ளயப் படிக்க வெச்சு பொம்மை வெளையாட்டு வேலைக்கா அனுப்பறே? ஊரு சிரிக்குது. கோழிப்பண்ணைக்காரங்க ஊட்டுல இருந்து கேக்கறாங்க, பேசாம முடிச்சுப்போடு" என்றார். அப்பா, "பாக்கலாமுங்கண்ணா, புள்ள பேரு அதுல வருதாமா. வந்ததுக்கப்பறம் பேசிக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னார். அதோடு விட்டாரா? தறிக்குடோனிலும் போய்ச் சொல்லிவிட்டார். சாயங்காலம் நான் பஸ் விட்டு இறங்கினால் டீக்கடையில் நிற்கிறவர்கள்கூட, "ஏன் அம்மிணி, பேரு வந்துருச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆக, அந்தப் பெயர் வந்தால் அப்பா நிமிர்ந்து நடப்பார், வராவிட்டால் பெரியப்பா சிரிப்பார். விசயம் அவ்வளவுதான்.

இப்போது முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரம்பரையாக நூல் மில் வைத்திருந்த குடும்பம். பண்ணையும் உண்டு, தோப்பும் உண்டு. கெட்ட மனுசன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாஸ்து என்றால் கிறுக்கு. வாஸ்து பார்க்கிறவர் ஒருவரைக் கையோடு வைத்திருந்தார். அவர் சொன்னார் என்று ஆபீஸ் மாடிப்படியை இடித்து வேறு பக்கம் கட்டினார்கள். அவர் சொன்னார் என்று எல்லோரும் கிழக்கே பார்த்து உட்கார வேண்டும் என்று ஆனது. சினிமாக் கொட்டகை மாதிரி ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துக்கொண்டு வேலை செய்தோம். காலை வெயில் நேராக மூஞ்சியில் அடிக்கும். திரையில் இருப்பது ஒரு எழவும் தெரியாது. ஜன்னலை மூடலாமா என்றால், கிழக்கு ஜன்னலை மூடக்கூடாதாம். சரி, அவர் கட்டடம், அவர் படிக்கட்டு, எப்படியோ போகட்டும் என்று இருந்தேன்.

வேறொரு பையன் போட்ட முதல் மேப்பை வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று சொல்லிவிட்டான். அந்தச் சமயத்தில்தான் காரமடைத் தேர் வந்தது. எங்களுக்கு அது பெரிய நோம்பி, நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்க்கிறேன், என் ஊரில் கிணறு இடம் மாறி இருக்கிறது! கடைவீதிக்குப் பக்கத்தில் நான் வைத்த கிணறு வடகிழக்கு ஓரத்துக்குப் போய்விட்டது. கொல்லன் பட்டறை தென்கிழக்கில் நிற்கிறது. நடுவில் கம்பீரமாக இருந்த கோட்டை தென்மேற்கு மூலையில் போய் உட்கார்ந்திருக்கிறது.

முதலாளியின் மச்சினன்தான் எங்களுக்கு மேனேஜர். மவுசைப் பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவரிடம் போய், "ஏனுங்க, என்ற மேப்புல யாருங்க கை வெச்சது?" என்று கேட்டேன்.

"யாரும் கை வெக்கலையே! வாஸ்துக்காரரு வந்திருந்தாரு. மொத மேப்பு ஏன் தள்ளுபடி ஆச்சுன்னு கேட்டோம். எடத்தைக் காட்டச் சொன்னாரு, காட்டுனோம். கெணறு ஈசானிய மூலையில இருக்கோணும், அடுப்பு அக்னி மூலையில இருக்கோணும், பாரமெல்லாம் கன்னி மூலையில இருக்கோணும்னாரு. அதே மாதிரி நகத்தி வெச்சோம். அவ்ளோதான்."

கேட்டீர்களா கூத்தை! கரண்ட்டை நிறுத்தினால் காணாமல் போகிற ஊருக்கு வாஸ்து! அதுவும் எதிரி வந்து தீ வைத்துக் கொளுத்தப் போகிற ஊருக்கு! "சார், அது நெசமான எடம் இல்லீங்களே" என்று முதலாளியிடமே போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "எடம்னா எல்லாமே எடந்தான் அம்மிணி. உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன? நல்லதுக்குத்தான் செஞ்சிருக்குது, உட்ரு" என்றார். கோட்டையைத் திருப்பி நடுவில் வைக்கவும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மாறிப்போன ஊருக்குத் தகுந்த மாதிரி ரோட்டையும் தெருவையும் மாற்றிப் போட்டு முடித்துக் கொடுத்தேன்.

மேப் கடல் தாண்டிப் போனது. கொஞ்ச நாளில் இமெயில் வந்தது. மேப் அழகாக இருக்கிறதாம். ஆனால் கேமராவைத் தூரத்துக்கு இழுத்தால் நிழல் எல்லாம் மறைந்துவிடுகிறதாம். மரம், வீடு, கோட்டை எதற்கும் நிழல் இல்லை, ஊரே காகிதத்தில் வெட்டி ஒட்டின மாதிரி இருக்கிறதாம். சரி பண்ணிக் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்களாம். நானும் இழுத்துப் பார்த்தேன். ஆமாம். கிட்டத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு மரத்துக்கும் காலடியில் கருப்பாக நிழல் விழுகிறது. இழுத்துக்கொண்டே மேலே போனால் ஒரு கட்டத்தில் டக்கென்று அத்தனை நிழலும் காணாமல் போகிறது. நான் தேருக்குப் போகிற வரைக்கும் அப்படி ஆனதே இல்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மச்சினனுக்கு அது பெரிய சந்தோசம். எல்லோர் முன்னாலும், "பாத்தீங்களா, தேருக்குப் போறேன், நோம்பிக்குப் போறேன்னு லீவு போட்டா வேலை இந்த லட்சணத்துலதான் இருக்கும்" என்றார். பதிலுக்குத் திட்ட எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "நான் போனதுக்கப்பறம் நீங்க என்னென்ன நகத்துனீங்க?" என்று கேட்டேன். "நாங்க கெணத்தையும் கோட்டையையும்தான் நகத்துனோம், நெழலையா நகத்துனோம்?" என்று அவர் சொன்னதும் மற்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இன்றைக்கும் அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது.

அடுத்து நடந்தது அதைவிட அநியாயம். நிழல்தானே வேண்டும், தரையில் கருப்புப் பெயிண்ட் அடித்துவிட்டால் ஆச்சு என்று மச்சினன் ஒரு யோசனை கண்டுபிடித்தார். எடிட்டரில் மண்ணுக்கு நிறம் பூசுகிற பிரஷ் ஒன்று உண்டு. அதை வைத்து மரத்துக்கு மரம், வீட்டுக்கு வீடு நிழலைக் கையால் வரைய வேண்டும் என்று உத்தரவு. "அது வேலைக்காகாதுங்க, கிட்டப் போனா நெசமான நெழலும் வரும், வரைஞ்சதும் இருக்கும், ரெண்டாத் தெரியுமுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே! நாள் முழுக்க உட்கார்ந்து வேப்பமரத்துக்குக் கோலம் போடுகிற மாதிரி நிழல் வரைந்தேன். கை வலித்தது பெரிதில்லை, இதைப் போய் வேலை என்று செய்கிறோமே என்று அழுகை வந்தது. அனுப்பினார்கள். வெளிநாட்டுக்காரன் பதில் போட்டான், இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் எதற்காக இரண்டு நிழல், வானத்தில் இரண்டு சூரியனா என்று.

முதலாளி என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். "அம்மிணி, இன்னொருக்கா திரும்பி வந்துச்சுன்னா இந்த மேப்ப வேற ஆளுகிட்டக் குடுத்துருவேன். முடிச்சுக் குடுக்கறவன் பேருதான் வரும், ஆமா" என்றார். வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதே எங்கள் ஊர் டீக்கடையில் நிற்கிறவர்களின் "பேரு வந்துருச்சா" காதில் கேட்கிற மாதிரியே இருந்தது. விடுவேனா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

மறுநாள் போனதும் முதல் வேலையாக வரைந்த நிழலை எல்லாம் அழித்துத் தள்ளினேன். பிறகு ஊரில் ஒவ்வொரு இடமாகப் போய் நின்று கேமராவை இழுத்து இழுத்துப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று தட்டுப்பட்டது. கிணற்றுப் பக்கம் நின்று இழுத்தால் சித்த தூரத்திலேயே நிழல் போகிறது. கடைவீதியில் நின்று இழுத்தால் இன்னும் கொஞ்ச தூரம் தாங்குகிறது. கோட்டைக்குப் பக்கத்தில் நின்று இழுத்தால் போகவே இல்லை, கடைசி வரைக்கும் நிற்கிறது! ஆக, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போகவில்லை. கோட்டையைவிட்டு விலக விலகத்தான் போகிறது. அந்தக் கோட்டைக்குள் அப்படி என்ன இருக்கிறது?

எடிட்டரோடு கூடவே வெளிநாட்டுக்காரன் மாதிரிக்கு ஒரு மேப் கொடுத்திருந்தான். அதைத் திறந்து என் மேப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவனுடைய மேப்பில் நட்ட நடுவில் ஒரு மஞ்சள் பெட்டி இருந்தது. விளையாடும்போது அது தெரியாது, எடிட்டரில் மட்டும்தான் தெரியும். புது மேப் திறந்தால் தானாகவே நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். தினமும் பார்க்கிற சாமான் என்பதால் அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. என் மேப்பில் நடுவில் அது இல்லை. கோட்டைச் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், கன்னி மூலையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது!

அந்தப் பெட்டிதான் கணக்குக்கு மையம். கேமரா அதைவிட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பார்க்கும். குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்தால் நிழலைப் போடும், தாண்டிவிட்டால் நிறுத்திவிடும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அவ்வளவுதான் மூச்சு. பெட்டி நடுவில் இருந்தால் எந்தப் பக்கம் போனாலும் தூரம் கட்டுப்படும். மூலையில் கொண்டுபோய்ப் போட்டால் அந்த மூலைக்கு மட்டும்தான் நிழல் மிஞ்சும். கேமராவைப் பின்னால் இழுத்த உடனே மற்ற ஊர் முழுக்கத் தூரக் கணக்கைத் தாண்டிப் போய்விடுகிறது.

நேராக மச்சினனிடம் போனேன். "ஏனுங்க, நடுவுல இருந்த மஞ்சப் பொட்டியை நகத்துனது யாருங்க?" என்றேன்.

"ஓ, அதுவா! அது வாஸ்துக்காரரு சொன்னாரு. ஊட்டுக்கு நடுவு பிரம்மஸ்தானம், அங்க ஒரு பாரமும் இருக்கக் கூடாதுன்னாரு. கோட்டையோட சேத்து அதையும் கன்னி மூலையில வெச்சாச்சு."

"அப்பறம் ஏனுங்க கெணத்தையும் கோட்டையையும் தவிர ஒண்ணும் தொடலைன்னு சொன்னீங்க?"

"தொடலையே! ஒதுக்கித்தானே வெச்சோம்!"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுசன் பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் அது வாசலைக் கூட்டுகிற மாதிரி, நடுவை ஒதுக்குவதெல்லாம் தொடுவதில் சேராது. எனக்கு வந்த கோபத்தில் மானிட்டரைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். பேசாமல் முதலாளி ரூம் கதவைத் தட்டி, "சார், சித்த வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன்.

வந்து நின்றார். பெட்டியைப் பற்றி விளக்கினேன். அவர் தலையைச் சொரிந்தார். "சரிதான் அம்மிணி, ஆனா பிரம்மஸ்தானத்துல பாரம் வெக்கறது ஆகாதே..." என்று இழுத்தார்.

"சார், இதுக்கு எடையே கெடையாதுங்க! வெளையாடறவங்க கண்ணுக்கே தெரியாதுங்க!"

"கண்ணுக்குத் தெரியாட்டியும் பாரம் பாரந்தானே. எதுக்கும் அவர ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

அந்த இடத்தில் என் பொறுமை போயே போய்விட்டது. யாரையும் கேட்கவில்லை. மவுசை எடுத்தேன், மஞ்சள் பெட்டியைப் பிடித்தேன், ஊர் நடுவுக்கு இழுத்துக்கொண்டு வந்து வைத்தேன். மேப்பை ஓட விட்டேன். கிணற்றடியில் நின்று கேமராவை இழுத்தேன். இழுத்துக்கொண்டே போனேன். மரம் சிறுத்தது, வீடு சிறுத்தது, ஊரே உள்ளங்கை அளவுக்கு ஆனது. நிழல் ஒன்றுகூட அசையவில்லை. அத்தனையும் அதனதன் காலடியில் கிடந்தது. பின்னால் நின்றிருந்த பையன்கள் கைதட்டிவிட்டார்கள். முதலாளி, "சரி, இப்பிடியே அனுப்பு. பரிகாரம் பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரிகாரமும் நடந்தது. மறுநாள் வாஸ்துக்காரர் வந்து என் மானிட்டருக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, சூடம் காட்டினார். சூடப் புகை என் கண்ணில்தான் பட்டது. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். மேப்பை வெளிநாட்டுக்காரன் எடுத்துக்கொண்டான், நிழல் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தான். வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக எல்லோரும் அவரவர் பெயரை இங்கிலீசில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் பேனாவை வாங்கி எழுத்துக் கூட்டி, மூக்கும் முழியுமாக எழுதிக் கொடுத்தேன்.

விளையாட்டு தயாராகி சிடி வந்து சேர்ந்தபோது முதலாளி ஆபீசுக்குப் பூசை போட்டார். வீட்டு ஆளுகளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார். நான் அப்பாவைக் கூப்பிட்டேன். தறிக்குடோனில் சொல்லிவிட்டு, வெளுத்த வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, டவுன்ஹாலில் இறங்கி ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். வழி நெடுக யாரும் தட்டிவிடக்கூடாது என்று மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். பிளாஸ்டிக் சேரில் முன் வரிசையில் உட்கார வைத்தேன்.

சிடியைப் போட்டுக் கடைசிப் பகுதியைக் காட்டினார்கள், பெயர்கள் ஓட ஆரம்பித்தன. வெளிநாட்டுக்காரர்கள் பெயர் எல்லாம் முதலில் போனது. அப்புறம் எங்கள் ஆபீஸ். முதல் பெயர் முதலாளியுடையது, சரி. அடுத்தது மேப் அமைப்பு என்று போட்டு மச்சினன் பெயர். அடுத்தது இட அமைப்பு ஆலோசகர் என்று போட்டு வாஸ்துக்காரர் பெயர். ஆமாம், சாட்சாத் அவரே! அதற்கும் கீழே 'மற்றும் குழுவினர்' என்று ஒரு வரி. அவ்வளவுதான், திரை கருப்பாகிவிட்டது.

அப்பாவுக்கு இங்கிலீஷ் வேகமாகப் படிக்க வராது. ஆனால் என் பெயரின் இங்கிலீஷ் எழுத்துகள் அவருக்கு மனப்பாடம், என் பள்ளிக்கூடத்துப் புத்தகங்களுக்கு எல்லாம் லேபிள் ஒட்டி எழுதியவர் அவர்தான். அவர் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், "கண்ணு, இன்னொருக்கா போடச் சொல்லு சாமி. நான் சரியாப் பாக்கலையாட்ட இருக்குது" என்றார்.

போட்டார்கள். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார். திரை கருப்பான பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்துவிட்டேன். "சார், என்ற பேரு எங்கீங்க?" என்று சத்தமாகவே கேட்டேன்.

முதலாளி சிரித்தபடியே சொன்னார்: "குழுவினர்னு போட்டிருக்குதல்ல, அதுல நீயும் இருக்கறே. நாளைக்குக் கண்ணாலம் ஆகி அடுத்த ஊட்டுக்குப் போற புள்ள. உன்ற பேரு ஊரு ஒலகமெல்லாம் சுத்தறது நல்லாவா இருக்கும்? உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அப்ப வாஸ்துக்காரரு மட்டும்? அவரு நகத்துனதுனாலதானுங்க நெழலே போச்சு!"

"அது மங்களத்துக்குப் போட்டது அம்மிணி."

மங்களமாம் மங்களம்! என் நல்லதுக்காம்! யார் கேட்டார்கள் என் நல்லதை? நிழல் போனபோது எல்லோர் முன்னாலும் என்னைத் தனியாக நிற்க வைத்துத் திட்டினார்களே, அப்போது குழுவினரை ஏன் திட்டவில்லை? அத்தனையும் அங்கேயே கேட்டேன். கேட்கக் கேட்க எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்பா என் கையைப் பிடித்து, "வா கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். மைசூர்பாகு டப்பாவை அங்கிருந்த மேசையில் வைத்து, "எல்லாரும் எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். எனக்கு அதுகூட ஆத்திரம். சோமனூர் வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். அடுத்த நாளிலிருந்து அந்த மாடிப் படியை நான் மிதிக்கவில்லை.

பெரியப்பா வந்து சிரிக்க வேண்டியதைச் சிரித்துவிட்டுப் போனார். அப்பா ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. டீக்கடையில் யாராவது கேட்டால், "இல்லீங்க, வரலீங்க" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர் அப்படிச் சொல்வதைக் கேட்க எனக்குத்தான் தாங்கவில்லை. சண்டை போட்டிருக்கலாமே, நாலு கேள்வி கேட்டிருக்கலாமே என்று அவர் மேலும் கோபம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டது. அந்த வீட்டில்தான் போன் இருந்தது, எங்களுக்கு வருகிற போனும் அங்கேதான் வரும். "அம்மிணி, உன்ற ஆபீசுல இருந்து போனு. மொதலாளியே பேசறாரு, அவசரமாம்." நான் எழுந்தேன். அப்பா சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். முகத்தில் நுரையைத் துண்டால் துடைத்துவிட்டு, "நீ இரு கண்ணு, நான் பேசறேன்" என்று முன்னால் நடந்தார். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

முதலாளியின் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. புது மேப் போட்டிருக்கிறார்களாம். தூரத்தில் போனால் மறுபடியும் நிழல் போகிறதாம். பெட்டி நடுவில்தான் இருக்கிறதாம், இருந்தும் போகிறதாம். வெளிநாட்டுக்காரன் கத்துகிறானாம். முன்னால் சரி பண்ணின ஆளையே பண்ணச் சொல்லுங்கள் என்கிறானாம். அம்மிணியை ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போகச் சொல்ல முடியுமா என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார். அது ஏன் போனது என்று எனக்கு இன்று வரை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அப்பா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். முதலாளி சொல்லி முடித்த பிறகு, தறிக்குடோனில் ஓனரிடம் பேசுகிற அதே பணிவோடு சொன்னார்: "ஏனுங்க, அன்னைக்கு நானும் முன்னாடியே உக்காந்து ரெண்டு தடவ பாத்தேனுங்க. அந்த வேலையச் செஞ்சது என்ற புள்ளைன்னு அதுல எங்கியும் இல்லீங்களே. யாரு பேரு இருந்துச்சோ அவுங்களையே வரச் சொல்லிக் கேட்டுக்குங்க."

"வெச்சரட்டுங்களா?" என்று அப்பா கேட்டார். பதில் வருகிற வரைக்கும் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதலாளி என்னவோ முனகினார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் வைத்தார்.